மேசை மேல் நீந்திய மீன்கள்

அவளுடைய நாத்தனார் புருஷன் டி.வி. கடை வைத்திருந்தார். திரை வைத்த எந்தச் சாமானுக்கும் தானே அத்தாரிட்டி என்று நினைப்பு. அவளும் புருஷனும் படகுக்கு மீன் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் வாங்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததும், இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் வந்து நின்றார்.

"இவருக்கு யாரு சொன்னது?" என்று அவள் புருஷனிடம் பல்லைக் கடித்தாள். அவன் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான். அக்கா வீட்டுக்காரரை அவன் என்றைக்கு எதிர்த்துப் பேசியிருக்கிறான்?

அந்தச் சின்ன ஃபைபர் படகில் வலை அவன் பொறுப்பு, எஞ்சின் அவள் பொறுப்பு. கூட வரும் படகுகளெல்லாம் மீன் காட்டும் பெட்டியோடு முன்னால் பறக்க, இவர்கள் மட்டும் மீனைத் தேடிப் பறவைகளின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

படகுச் சாமான் கடையில் நாத்தனார் புருஷன் நேராக இருப்பதிலேயே பெரிய திரையின் பக்கம் போனார். அதில் கலர் கலராக மீன்கள் ஓடின.

"எவ்ளோ மீன் பாரு தங்கச்சி!"

"ஆமாண்ணே. மேசைக்கு அடியில வலையப் போட்டா அள்ளிடலாம்."

கடைக்காரர் இருமினார். "அது சும்மா மாதிரிக்கு ஓடுறதும்மா."

"வெயில்ல கொண்டுவந்து காட்டுங்க."

வாசலில், வெயிலில், பெரிய திரை கண்ணாடிபோல் பளபளத்தது. "மீனக் காணோம். உங்க மூஞ்சிதான் தெரியுதுண்ணே," என்றாள். கூடவே எடுத்துவரச் சொன்ன சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் எண்ணும் கோடும் பளிச்சென்று தெரிந்தன. அவள் அதையே எடுத்துக்கொண்டாள்.

"இத்துனூண்டு திரையில என்னத்தப் பாக்கப் போற?"

"மீனத்தான். சீரியல் இல்ல."

மாட்டிக் கொடுக்க ஆள் அனுப்புவதாகக் கடைக்காரர் சொன்னதற்கு அவள் சிரித்தாள். எஞ்சினையே கழற்றிப் பூட்டுகிறவளுக்கு இது ஒரு வேலையா? தண்ணீருக்குள் ஒலி அனுப்பித் திரும்பி வருவதைக் கேட்கும் சென்சாரை, ஒயர் சுலபமாக எட்டுகிற இடமாகப் பார்த்து, எஞ்சினுக்குப் பக்கத்திலேயே முடுக்கினாள். கூட வந்த விளக்கக் காகிதத்தின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அழையா விருந்தாளியாக நாத்தனார் புருஷனும் படகில் ஏறிவிட்டார். போன இடமெல்லாம் திரை நிறைய மீன். அவள் தலை நிமிர்ந்தது. வலை போட்டார்கள். பாசி வந்தது. தள்ளிப்போய் மறுபடி போட்டார்கள். அதுவும் இல்லை.

"பொய் சொல்றதுக்குன்னே ஒரு பெட்டி!" என்று அவள் அதன் மண்டையில் ஒன்று போட்டாள்.

கேலி பேச நாத்தனார் புருஷனுக்குத் தெம்பு இல்லை. அலை ஒத்துக்கொள்ளாமல், ஓடும் படகின் பின்பக்கம் தலையைத் தொங்கவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி... இங்க வா."

"விழுந்துடாதீங்கண்ணே. உங்கள இழுக்க எங்க வலை தாங்காது."

"அது இல்லம்மா. நீ மாட்டினது நுரைக்குள்ள கெடக்கு."

அவள் எட்டிப் பார்த்தாள். எஞ்சின் விசிறி கிளப்பிய நுரை சென்சாரைச் சுற்றிக் கொதித்தது. காலையிலிருந்து பெட்டி காட்டியதெல்லாம் வெறும் குமிழி. புருஷன் அவசரமாக வலைப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின.

"என்ன இளிப்பு?" என்றாள். முகம் எரிந்தது.

எஞ்சினை அணைத்துச் சென்சாரைக் கழற்றி, மறு மூலையில், நுரை எட்டாத இடத்தில் மாட்டினாள். பொய் மீன்கள் மறைந்து திரை வெளுத்தது. அடித்தரை ஒரு கோடாகத் தெரிந்தது. வெகுநேரம் அலைந்த பிறகு கோட்டுக்கு மேலே ஒரு கறுப்புத் திட்டு. வலை போட்டார்கள். அள்ளிக் கொட்டவில்லை, ஆனால் வந்தது மீன்.

அவள் தண்ணீர்ப் பாட்டிலை நாத்தனார் புருஷனிடம் நீட்டினாள். "வாயக் கொப்பளிங்கண்ணே." அதற்கு மேல் நன்றி சொல்ல அவளுக்கு நாக்கு வளையவில்லை.

கரை தெரிந்ததும் அவர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். வீட்டில் போய், தான் ஒரே பார்வையில் கோளாறைக் கண்டுபிடித்த கதையை அளப்பார். வாந்தி அதில் வராது. அளக்கட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். மறுக்கப் போனால், சென்சாரை நுரைக்குள் மாட்டியது யார் என்ற பேச்சு வரும்.