நாற்பத்தேழாம் முகவரி

படார் என்று ஆய்வகக் கதவு சுவரில் போய் மோதியது. கணினிகளின் முன் குனிந்திருந்த முப்பது தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

வாசலில் பாக்கெட் நின்றான். சைபர் பாதுகாப்புப் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவன். நெட்வொர்க்கில் ஓடும் தகவல் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பிரித்துப் பார்ப்பதில் புலி என்பதால் வந்த பட்டப்பெயர் அது. அவனுக்குப் பின்னால் நெட்டை. முதல் நாளிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே பைக் என்று ஒட்டிக்கொண்டு திரியும் நண்பன்.

"பதினேழாவது சிஸ்டம்," என்றான் பாக்கெட்.

அந்தக் கணினியின் முன் உட்கார்ந்திருந்தவனை எல்லாரும் சோடா என்றுதான் கூப்பிடுவார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி. இருக்கிற இடம் தெரியாத பையன்.

"என்னடா, உங்களுக்கு இப்ப கிளாஸ் இல்லையே..."

பேச்சு முடியவில்லை. பாக்கெட் அவன் முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைக் கீபோர்டில் மோதினான். எழுத்துப் பொத்தான்கள் தெறித்துத் தரையில் உருண்டன.

"யாரு தங்கச்சின்னு தெரிஞ்சுதானடா போட்ட?"

"எதடா? நான் எதையும் போடல." சோடாவின் மூக்கிலிருந்து ரத்தம் உதட்டுக்கு இறங்கியது.

"நடிப்ப பாரு மச்சான். அவார்டே குடுக்கலாம்," என்றான் நெட்டை.

பாக்கெட்டின் தங்கை அதே கல்லூரியில் முதலாண்டு படித்தாள். போன வியாழக்கிழமை, மாணவர்களுக்கான கல்லூரித் தளத்தில் யாரோ பெயர் போடாமல் ஒரு படத்தை ஏற்றியிருந்தார்கள். முகம் அவளுடையது, உடம்பு வேறு யாருடையதோ. இருபது நிமிடத்தில் நிர்வாகம் அதை எடுத்துவிட்டது. அதற்குள் பார்க்க வேண்டியவர்களும் பார்க்கக் கூடாதவர்களும் பார்த்து முடித்திருந்தார்கள். அவள் அன்றே நிர்வாகத்திடம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள். "விடுண்ணா, அவங்க பாத்துப்பாங்க," என்று அண்ணனிடம் கையைப் பிடித்துச் சொன்னாள்.

அண்ணன் விடவில்லை. ஆய்வக வேலைகளில் உதவுவதற்காக, நெட்வொர்க் பாடம் நடத்தும் மேடம் அவனை நம்பிக் கொடுத்த பாஸ்வேர்டு கையில் இருந்தது. செவ்வாய்க்கிழமை சர்வருக்குள் நுழைந்தான். நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் சர்வர் ஓர் எண் கொடுக்கும், அதுதான் அதன் முகவரி. படம் ஏறியது நாற்பத்தேழாம் முகவரியிலிருந்து. நாற்பத்தேழு யார் என்று பட்டியலைத் திறந்தான். பதினேழாவது சிஸ்டம். தினமும் சோடா உட்காரும் இடம். அவ்வளவுதான், அவனுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

இரண்டு பேர் தடுக்க ஓடிவந்தார்கள். நெட்டை இரும்பு ஸ்டூலைத் தூக்கிச் சுழற்றியதும் பின்வாங்கினார்கள். மற்றவர்கள் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். ஸ்டூல் சோடாவின் முழங்கையில் இறங்கியது. விறகு முறிகிற சத்தம் கேட்டது. கீழே விழுந்தவன் மார்பில் பாக்கெட் ஏறி உட்கார்ந்து குத்தினான். மூன்றாவது குத்தில் கண்ணாடி நொறுங்கியது. அங்கேயாவது அவன் நிறுத்தியிருக்கலாம். நான்காவது குத்தையும் அதே இடத்தில் விட்டான்.

சோடா அலறிய அலறலில் போன் பிடித்திருந்த கைகள்கூடத் தாழ்ந்துவிட்டன.

மருத்துவமனையில் பாக்கெட்டின் விரல் முட்டிகளிலிருந்து கண்ணாடிச் சில்லுகளைப் பிடுங்கிவிட்டு ஏழு தையல் போட்டார்கள். பிறகு காவலர் ஒருவர் அவனையும் நெட்டையையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துக் காவல் நின்றார். எதிரே சுவரோரம் தங்கை நின்றாள். அழவில்லை. அண்ணனையும் பார்க்கவில்லை.

சோடா இருந்த ஆபரேஷன் அறையிலிருந்து நர்ஸ் வெளியே வந்தார். "வலது கண்ணு போயிடுச்சு. இடதையாவது காப்பாத்தணும்னு டாக்டருங்க போராடிட்டு இருக்காங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சற்று நேரத்தில் மேடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பாக்கெட் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினான். அதிலும் ரத்தக்கறை.

"ஆதாரம் இல்லாம அடிக்கல மேடம். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியேதான் எடுத்தேன்."

மேடம் வாங்கிப் பார்த்தார். "படம் போட்டது என்னிக்கு?"

"வியாழக்கிழமை."

"இந்தப் பட்டியல் என்னிக்கு உள்ளது?"

பாக்கெட் காகிதத்தின் தலைப்பில் தேதியைத் தேடினான். செவ்வாய்க்கிழமை என்று இருந்தது.

"முகவரி யாருக்கும் சொந்தமில்ல, வாடகை வீடு மாதிரின்னு பரீட்சையில எழுதி முழு மார்க் வாங்கினவன் நீதானடா," என்றார் மேடம். "சனி, ஞாயிறு கரண்டு வேலைன்னு எல்லாத்தையும் அணைச்சு வச்சோம். திங்கக்கிழமை போட்டப்ப ஒவ்வொண்ணுக்கும் புதுசா நம்பர் போச்சு. நாற்பத்தேழு அந்தப் பையனோட மெஷினுக்கு வந்து ரெண்டு நாள்கூட ஆகல. நீ பாத்தது புதுசா குடிவந்தவன் பேர."

பாக்கெட் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தான்.

"அப்ப வியாழக்கிழமை அந்த வீட்டுல யாரு மேடம்?"

"அத போலீஸ்ல குடுத்துக்கறேன். தடயம் எடுக்கத்தாண்டா உனக்குப் பாடம் நடத்தினேன். தண்டனை குடுக்க யாரும் சொல்லித் தரல."

ஆனால் மேடத்தின் கையிலிருந்த லேப்டாப் பாதி திறந்திருந்தது. பாக்கெட் எட்டிப் பார்த்துவிட்டான். வியாழன், நாற்பத்தேழு, அதற்கு நேரே ஒரு லேப்டாப்பின் பெயர். அந்தப் பெயரை அதற்கு வைத்தபோது அவனும் பக்கத்தில்தான் இருந்தான். அது நெட்டையின் லேப்டாப்.

மெதுவாகத் திரும்பி நண்பனைப் பார்த்தான். நெட்டையின் முகம் வெளுத்தது.

"மச்சான், சத்தியமா நான் இல்லடா. அன்னிக்கு கேன்டீன்ல லேப்டாப்ப திறந்து வச்சுட்டுப் போனேன். நாலஞ்சு பேரு கேம் ஆடிட்டு இருந்தாங்க..."

காவலர் சுதாரிப்பதற்குள் பாக்கெட் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைப் பிடுங்கிவிட்டான். தையல் பிரிந்து கட்டு சிவந்தது. நெட்டை பெஞ்சோடு சாய்ந்து விழுந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். சிலிண்டர் அவன் தலைக்கு மேலே உயர்ந்தது.

தங்கை குறுக்கே வந்து நின்றாள்.

"தள்ளு," என்றான் பாக்கெட். மூச்சு சீறியது. "இந்தத் தடவ தப்பே இல்ல. தேதியும் சரியா இருக்கு. இவன்தான்."

அவள் நகரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"சோடா கண்ணுல குத்தினப்பவும் உனக்கு இதே மாதிரி சந்தேகமே இல்லாமத்தாண்ணா இருந்துச்சு."