ஆறு இஞ்சுக் குழாய்

சொர்ணத்தாய் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த இரண்டாவது கூட்டமும் கண்ணைக் கசக்கிக்கொண்டே தெருவில் இறங்கிப் போவதைப் பேச்சிராஜா தன் கடலைமிட்டாய்ப் பட்டறை வாசலில் நின்று பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா இருமிய இருமலில் தலைப்பூ அவிழ்ந்து தோளில் தொங்கியது. முதல் கூட்டமாவது காபியைக் குடித்துவிட்டுப் போனது.

குற்றம் அவருடைய புகைக்கூண்டுடையது. பாகு காய்ச்சும் விறகடுப்புக்காக அவருடைய அப்பா கட்டிய செங்கல் கூண்டு அது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரை ஒட்டி ஏறி, நடுவில் ஓர் உத்திரத்துக்குப் பயந்ததுபோல் வளைந்து, சொர்ணத்தாய் வீட்டு மொட்டைமாடி ஓரமாய் வெளியே தலைகாட்டும். அப்பா காலத்தில் அந்த வீடு பருத்திக் கிட்டங்கியாக இருந்தது. மூட்டைகள் இருமவில்லை. இப்போது நாற்பது வருஷச் சூட்டில் காரை வெடித்து, புகையில் பாதி மேலே போகாமல் சொர்ணத்தாய் வீட்டில் வந்தவர்கள் உட்காரும் பட்டாசாலைக்குள் நுழைந்தது. விருந்தாளி வந்தால் இன்னும் கொஞ்சம் தாராளமாகவே நுழைந்தது.

சொர்ணத்தாய் சண்டைக்காரி அல்ல. அன்று சாயங்காலம் வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி, அடுத்த வெள்ளிக்கெழம கடம்பூர்லயிருந்து வாராவ. பிள்ளைக்கு இருபத்தெட்டு ஆவுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் திட்டியிருந்தால் அவருக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும். செண்பகவல்லியம்மன் சந்நிதியில் நின்றபோதும் அம்மன் முகத்துக்குப் பதிலாக அந்த அவிழ்ந்த பூதான் தெரிந்தது.

தீப்பெட்டி ஆபீஸ்களுக்குத் தகர வேலை செய்யும் ஹரியை அழைத்துவந்தார். ஹரி கூண்டைத் தட்டிப் பார்த்தான்.

"இடிச்சுக் கட்டணும்னா ஒரு மாசம் அடுப்பு கெடையாது. நேர்க்குழாய் எறக்குனா வளைவுல முட்டிக்கிடும். வளையுத குழாய் ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. உள்ளாற விட்டுட்டா புகை அதுக்குள்ளயே போயிரும், செங்கலத் தொடாது."

மாதிரிக்கு இரண்டு துண்டு காட்டினான். ஒன்று அலுமினியம், காகிதம்போல மெலிசு, கையில் வைத்தாலே பிடித்துப் போனது. இன்னொன்று எவர்சில்வர்.

"இதுவே போதுமே" என்று பேச்சிராஜா அலுமினியத்தைத் தடவினார்.

"வெறகுப் புகைக்கு அது ரெண்டு தீவாளி தாங்காது. கரி பிசினாப் பிடிச்சு அரிச்சிரும். பெறவு வார மாப்பிள்ளை எல்லாம் இருமிக்கிட்டேதான் போவான்."

எவர்சில்வரே முடிவானது. கூண்டை அளக்க சொர்ணத்தாய் மகள் கிருஷ்ணவேணிதான் மாடியிலிருந்து கயிற்றில் மரத்துண்டுகளைக் கட்டி இறக்கினாள். எட்டு இஞ்சுத் துண்டு வளைவில் நின்றது. ஏழு இஞ்சுத் துண்டு உரசிக்கொண்டு இறங்கியது. "அப்பொ ஆறு இஞ்சுக் குழாய் வாங்குங்க மாமா. தாராளமாத் திரும்பும்" என்றாள். ஹரி சொல்ல வந்ததை அவளே சொல்லிவிட்டதால் அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

வெள்ளிக்கிழமை காலையில் குழாய் இறங்கியது. மாடியில் ஹரியும் கிருஷ்ணவேணியும் விட, கீழே அடுப்படியில் பேச்சிராஜா கயிற்றை இழுத்தார். வளைவு வந்ததும் நின்றுவிட்டது. "இழுக்காதீங்க, திருகித் திருகித்தான் விடணும். நான் ஒரு டீயக் குடிச்சிட்டு வாரேன்" என்று ஹரி கடைக்குப் போனான்.

பேச்சிராஜாவுக்குப் பொறுக்கவில்லை. மணி பதினொன்று. நாற்பது வருஷமாக அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை, பாகு தட்டில் ஒட்டக் கூடாதென்றால் எண்ணெய் தடவ வேண்டும் என்பது. ஒரு தூக்குவாளிக் கடலை எண்ணெயோடு மாடிக்குப் போனார். கூண்டுக்கும் குழாய்க்கும் நடுவில் இருந்த சந்தில் சுற்றிச் சுற்றி ஊற்றினார்.

"மாமா, இது சரியா வருமா?" என்றாள் கிருஷ்ணவேணி.

"மிட்டாயே வருது, குழாய் வராதா?"

கீழே வந்து ஒரு இழுப்பு. குழாய் வழுக்கிக்கொண்டு வந்து அவர் மடியிலேயே உட்கார்ந்தது.

திரும்பி வந்த ஹரி வாயைப் பிளந்தான். "எப்படி அண்ணாச்சி?"

"அம்மன் கிருபை" என்றார். எண்ணெயைச் சொல்லியிருந்தால் அவன் குழாயை மேலே இழுத்துத் துடைத்திருப்பான். அம்மனுக்குக் கிடைத்த பெயரைத் தட்டிப் பறிப்பானேன் என்று நினைத்துக்கொண்டார்.

ஹரி மேலே தகடு வைத்து, குழாய் வாயில் மழைக்கு மூடி போட்டான், கீழே அடுப்போடு இணைத்தான். தீ மூட்டினார்கள். மாடியில் மூடிக்கு அடியிலிருந்து புகை ஒழுங்காகப் போனது. சொர்ணத்தாய் சுவரோரம் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுக் கும்பிட்டாள். பேச்சிராஜா தைரியமாகப் பாகு ஏற்றினார்.

சுவர் சூடேற நான்கு மணி ஆயிற்று. கடம்பூர்க்காரர்கள் வந்து உட்கார்ந்ததும் நான்கு மணிக்குத்தான்.

பின்வாசல் வழியாக சொர்ணத்தாய் ஓடிவந்தாள். "அண்ணாச்சி, சொவத்துலயிருந்து வடை வாசம் வருது!"

"என்னது?"

"வடை. மாப்பிள்ளையோட அப்பா போளிக்கடை வச்சிருக்காவ. மோந்து பாத்துட்டு, 'செக்கெண்ணெய்ல வடை வேகுது போல, இருந்து சாப்பிட்டுத்தான் போவோம்'னு சொல்லுதாவ. நான் வச்ச மிக்சரத் தொடவே இல்ல. எங்கிட்ட உளுந்துகூட ஊறலையே!"

பாகு கம்பிப்பதத்துக்கு ஒரு விரல் முன்னால் கொதித்துக்கொண்டிருந்தது. இப்போது அடுப்பிலிருந்து வட்டையை இறக்கினால் அத்தனை பாகும் வீண். பேச்சிராஜா இறக்கினார். பட்டறையில் வேலை செய்யும் வெயிலம்மாள், "அய்யோ அய்யா" என்று கன்னத்தில் கை வைத்தாள்.

"அப்புறம் அழலாம்ட்டி. எண்ணெய்ச் சட்டிய வையி. கடலை இருக்கு. ஏ தங்கச்சி, உங்க வீட்டுக் கடலைமாவும் வெங்காயமும் கொண்டாங்க."

கால் மணி நேரத்தில் கடலைப் பக்கோடா ஆயிற்று. வெயிலம்மாள் கைமணம் நன்றாக இருந்தது. சொர்ணத்தாய் விருந்தாளிகளிடம் போய்விட்டதாலும் வெயிலம்மாள் சட்டியை விட்டு நகர முடியாததாலும், கரி படிந்த சட்டையோடு பேச்சிராஜாவே தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

போளிக்கடைக்காரர் தட்டைப் பார்த்தார். "வடை வாசம் வந்துச்சு, பக்கோடா வந்திருக்கு?"

தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். சொர்ணத்தாயின் கண்ணும் அதைத்தான் கெஞ்சியது. காலையில் சொன்ன ஒரு பொய்யே இப்போது சுவரிலிருந்து மணக்கிறது, இன்னொன்று எதற்கு என்று அவருக்குத் தோன்றியது.

"அது வடை இல்லீங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். புகை, முன்பு வந்தவர்கள் இருமிக்கொண்டே போனது, குழாய், எண்ணெய் எல்லாம். "இந்த வீட்டு மேல ஒரு கொறையும் கெடையாது. எல்லாம் என் அடுப்பு."

முன்பே இரண்டு கூட்டம் வந்துபோனதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்கு வியர்த்தது. சொர்ணத்தாய் சேலைத் தலைப்பைக் கடித்தாள்.

மணியாச்சி ரயில்வேயில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை இப்போது நிமிர்ந்தார்.

"குழாய் அலுமினியமா?"

"எவர்சில்வர்" என்று அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "வெறகுக்கு அலுமினியம் நிக்காது."

"எத்தன இஞ்சு?"

"ஆறு. வளைவுல ஏழுதான் இருக்கு. நாந்தான் அளந்தேன்."

"ஏழு இருந்தா ஆறு திருகுனாலே எறங்கிருக்குமே. எண்ணெய் எதுக்கு?"

"அதத்தான் நானும் மாமாகிட்ட கேட்டேன்!"

சொன்ன வேகத்தில் கிருஷ்ணவேணி கதவைத் தாண்டி வெளியே வந்துவிட்டாள். வந்தபிறகுதான் வந்தது தெரிந்து, அங்கேயே நின்றாள். புறங்கையில் கரி ஒரு கோடாக அப்பியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்தாள், மகனையும் பார்த்தாள்.

"எண்ணெய் எரிஞ்சு தீர எத்தன நாளாகும்?" என்று மாப்பிள்ளை கேட்டார், அவளிடம்தான்.

"தெரியல. மேல மூடியத் தொறந்து பாக்கணும்."

தெருவில் அவர்களை ஏற்றிவந்த வேன்காரன் நேரமாயிற்று என்று ஹாரனை அடித்தான். போளிக்கடைக்காரர் இன்னொரு பக்கோடாவை எடுத்துக் கடித்தார். மறுபடியும் ஹாரன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.