பெயர் வைக்காத மருந்து

ராஜ்கோட்டின் மருந்தியல் கல்லூரி ஒன்றில் ஆய்வு மாணவி ஹேத்வி புதிதாகத் தயாரித்த சேர்மம் எலிகளிடம் நன்றாகவே வேலை செய்தது. புண் உண்டாக்கும் மாத்திரையைக் கொடுத்த பிறகும், சேர்மத்தைக் குடித்த எலிகளின் இரைப்பை உள்ளே வழவழவென்று இருந்தது. மற்றவற்றில் கருஞ்சிவப்பாகக் கீறல் கீறலாகப் புண்.

வழிகாட்டி வசாவடா சாருக்கு ஒரே சந்தோஷம். இருபது வருஷமாக அல்சரோடு மல்லாடிய மனிதர், இப்போது கடலைமாவுக் காட்டியாவோடு பொரித்த மிளகாயையும் ஒரு கை பார்த்தார்.

ஒரு வாரம் கழித்து மீதி எலிகளுக்கு ஹேத்வி மருந்தைத் தினமும் கொடுக்கத் தொடங்கினாள். மூன்றாவது வாரம் அவை தீனியைத் தொடாமல் சுருண்டு கிடந்தன. ஒன்று செத்தது. அறுத்துப் பார்த்தாள். இரைப்பையில் குறையே இல்லை. ஈரல்தான் மஞ்சள் பூத்து, தொட்டதும் உதிர்ந்தது.

ஈரலை வைத்த தட்டோடு வசாவடா சார் அறைக்கு ஓடினாள்.

"சார், ஈரல் மொத்தமும் போயிடுச்சு."

"இதுக்கு எத்தனை நாள் குடுத்தே?"

"பதினெட்டு நாள்."

அவர் தட்டின் மேல் குனிந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அவர் கண்கள் மஞ்சளாக இருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

"சார்... நீங்க அதைச் சாப்பிட்டீங்களா?"

"வலியில்லாம தூங்கினேன், மகளே. இன்னியோட இருபத்தாறு நாள்."

ஆட்டோவில் ஏற்றும்போதே அவருக்குக் கால் துவண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவசரமாகக் கேட்டார்: "என்ன மருந்தும்மா சாப்பிட்டார்? பேரைச் சொல்லு, முறிவு மருந்து இருக்கான்னு பார்க்கறேன்."

ஹேத்வி வாயைத் திறந்தாள். அதற்கு இன்னும் ஒரு பெயர்கூட வைத்திருக்கவில்லை.