தன்சரியின் கைக்கு ஒரு குக்ரி

நேபாளத்தின் போஜ்பூர் மலையில் தன்சரி மகரின் வீட்டை மட்டும் சூழ்ந்திருந்த மூடுபனி ஆறு வருடமாகக் கலையவில்லை. கத்தாருக்குப் போன கணவனிடமிருந்து அழைப்பு நின்ற வாரத்தில் அது வேலியோரம் வந்து இறங்கியது. முதல் வருடம் பஞ்சுபோல இருந்தது. மூன்றாம் வருடம் தயிராக உறைந்தது. அதற்குப் பிறகு அரிவாளால் அறுத்தால்தான் அவளால் புல்லுக்குப் போக முடிந்தது. அறுத்த பொந்தும் அவள் கடந்ததும் மூடிக்கொண்டது. பக்கத்து வயல்களில் நல்ல வெயில் அடித்ததால் யாரும் குறை சொல்லவில்லை. அவளைத் தேடி வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

திஹார் பண்டிகையின் கடைசி நாளில் அக்காவின் வாசற்படியில் அக்ரூட் கொட்டை உடைத்து, உள்ளே உட்காரவைத்துத்தான் தம்பிக்குத் திலகம் இட வேண்டும். வேறு இடத்தில் இட்டால் செல்லாது. இரண்டு வருடமாக அவள் தம்பி ஹும்சரண் பனியைச் சுற்றிச் சுற்றி வந்து கூப்பிட்டுவிட்டு, வாழைப்பழச் சீப்பை வேலியில் மாட்டிப் போயிருந்தான். பனி சத்தத்தையும் விழுங்கிவிடும். இந்த வருடமும் அப்படிப் போனால் அவன் வருவதையே விட்டுவிடுவான் என்று தன்சரிக்குத் தெரியும். உடனே மூடாத பாதை வெட்ட அரிவாள் போதாது, வளைந்த கனமான கத்தியான குக்ரிதான் வேண்டும். வீட்டில் இருந்ததைக் கணவன் கைப்பையில் கொண்டுபோய் விமான நிலையத்தில் பறிகொடுத்திருந்தான். எனவே அவள் கூடையில் ஒரு கட்டி பனியை வைத்துத் துணிபோட்டு மூடி, கொல்லன் ரிதேயின் பட்டறைக்கு நடந்தாள்.

ரிதே பனியை அழுத்திப் பார்த்துவிட்டு, வளைவு அதிகமுள்ள கத்தி வேண்டும் என்றான். வளைந்த கத்தியின் கனம் முனைப்பக்கம் இருப்பதால் பாதி வேலையை அதுவே செய்துவிடும். பழுத்த இரும்பில் கெண்டியால் விளிம்பில் மட்டும் நீர் வார்ப்பதால் விளிம்பு கடினமாகும், முதுகு இளகி நின்று அடியைத் தாங்கும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, எல்லோரிடமும் கேட்பதுபோல யார் கைக்கு என்று கேட்டான். வீட்டுக்காரர் கைக்கு என்று அவளும் யோசிக்காமல் சொன்னாள்.

மறுநாள் விடியலில் அவன் கொடுத்த குக்ரியால் வாசற்படியிலிருந்து வேலியை நோக்கி அவள் நேராக வெட்டிக்கொண்டே போனாள். போய்ச் சேர்ந்த இடம் அவளுடைய எருமைத் தொழுவம். இரண்டாம் முறையும் அதே தொழுவம். திலகத்துக்கு ஒரு நாள்தான் இருந்தது. கூடையும் குக்ரியுமாக மறுபடி பட்டறைக்கு ஓடினாள்.

"என்ன தங்கச்சி, அதுக்குள்ள பனி தீந்துபோச்சா?" என்றான் ரிதே.

"உங்க கத்தி என்னை எருமைகிட்டயே கூட்டிட்டுப் போகுதண்ணே. அந்த எருமை என்னைப் பாத்து சிரிக்குது."

"கத்தியக் குத்தம் சொல்லாத. பிடி தடிமன். ஒவ்வொரு வெட்டுக்கும் உன் கையில உருளுது, அலகு இடப்பக்கம் சாயுது, பாதையும் சாயுது. உன்னை யாரு அவர் கைக்குக் கேக்கச் சொன்னது? கத்தார்லேந்து கைய மட்டும் அனுப்புவாரா?"

துருத்தி ஊதிக்கொண்டிருந்த அவன் மனைவி நிமிர்ந்தாள். "நீ மட்டும் ஒழுங்கா கேட்டியாக்கும்! அவ கையப் பாத்தியா மொதல்ல?"

ரிதே பதினோரு குக்ரிகளை எடுத்து வரிசையாக வைத்தான். தன்சரி ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். பிடியைச் சுற்றிய விரல்நுனிகள் உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். எட்டாவது, எருமைக்கொம்புப் பிடி போட்ட சின்னது, அப்படி நின்றது. தன் கை எவ்வளவு சிறியது என்று அவள் அப்போதுதான் கவனித்தாள். கூடையில் மிச்சமிருந்த பனி ஒரே வெட்டில் இரண்டாக விழுந்தது.

மறுநாள் காலை ஹும்சரண் வேலியிலிருந்து வாசற்படிவரை கயிறு பிடித்ததுபோன்ற பாதையில் நடந்து வந்தான். "என்னக்கா, ரோடே போட்டுட்ட!" என்றான். திலகம் வாங்கி, அரிசிமாவை வளையமாகப் பொரித்த செல் ரொட்டி நாலு தின்று, மத்தியானப் பேருந்துக்குக் கிளம்பினான். பாதை நேராக இருந்ததால் திருப்பம்வரை அவன் முதுகு தெரிந்தது. போகிறவர்களை அவ்வளவு தூரம் பார்க்க அவளுக்கு ஆறு வருடமாக வாய்த்ததில்லை.

இரவில் பனி மூடிவிடும். மற்ற வீடுகளில் முற்றம் பெருக்கும் நேரத்தில் தன்சரி பாதை வெட்டுகிறாள். பெரும்பாலான நாட்களில் அதில் யாரும் வருவதில்லை.