வலது கன்னத்துத் தழும்பு

பல்லுக்காரர் ஒரு படத்தைப் பார்க்க உட்கார்ந்தால் முதலில் அவர் கண்ணில் படுவது தப்புதான். தொழில் அப்படி. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுக்கிறவர். மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்கிறவர் ஈறு புண்ணாகிவிடும். அந்தக் கண்ணை வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டு வர முடியுமா? வீட்டுக்கும் கொண்டுவந்தார், குழுவுக்கும் கொண்டுவந்தார்.

குழு என்றால் இணையத்தில் இருக்கும் ரசிகர் குழு. பாதியில் நின்றுபோன ‘கடைசிக் கலம்’ என்ற விண்வெளித் தொடரை விட மனமில்லாத சிலர், அவரவர் இருக்கும் இடத்தில், அவரவர் போனில், மீதிக் கதையைத் தாங்களே படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். வருடத்துக்கு ஒரு கூட்டுப் படம். அதில் ஆளுக்கு ஒரு காட்சி. அந்தக் காட்சிக்கு அவர்தான் கப்பல் தலைவி. தாடிக்காரரும் தலைவிதான், வழுக்கைத் தலையரும் தலைவிதான். கழுத்தில் சாம்பல் நிறத் துண்டும், இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழே இறங்கும் தழும்பும் இருந்துவிட்டால் பார்க்கிறவர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள். கடைசிக் காட்சி மட்டும் எப்போதும் குழுவுக்குப் புதிதாக வந்தவருக்கு.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் லாண்டரி அக்கா. ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் மேற்பார்வை. குழுவை நடத்துவதும் அவர்தான். நடத்துவது என்றால் அதட்டுவது, உருட்டுவது எல்லாம் கிடையாது. யார் படம் போட்டாலும் முதல் ஆளாகப் பார்ப்பார். ‘சூப்பர்’ என்று ஒற்றை வார்த்தையில் கைகழுவ மாட்டார். “கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி கையை ஒரு நொடி பின்னால இழுத்தீங்களே, அது ஏன் தோணுச்சு?” என்று கேட்பார். கேட்கப்பட்டவருக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவாது. கொஞ்ச நாள் சத்தத்தையே காணோம் என்றால் தனியாக விசாரிப்பார். இரண்டு பேர் முட்டிக்கொண்டால் இருவரையும் சேர்த்து ஒரே காட்சிக்கு இசை போடச் சொல்லிவிடுவார்; இசை வருவதற்குள் சண்டை மறந்துபோயிருக்கும். இப்படி ஒரு மனுஷிக்கு ஒரு நாட்டையே கொடுக்கலாம், அவருக்கு வாய்த்தது ஒரு குழு.

காட்சிக்குக் காட்சி எல்லாம் பொருந்துகிறதா என்று சரிபார்க்கும் வேலை பல்லுக்காரருடையது. அவர் பார்த்த பிறகுதான் எதுவும் பொதுவில் வரும். ஆனால் அவர் கைவண்ணத்தில் புதியவர்கள் சிலர் காணாமல் போயிருந்தார்கள். முதல் படம் போட்ட ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு வரிசையாகத் தப்புகளை எழுதி அனுப்பினார். எழுதியதெல்லாம் சரிதான். அந்தப் பெண் அதோடு சரி. அடுத்த வருடம் வந்தவரும் அதே வழியில் போனார்.

“தம்பி,” என்றார் அக்கா ஒருநாள் போனில், பின்னால் இயந்திரங்கள் உருளும் சத்தத்துக்கு நடுவே. “புதுசா வர்றவங்க நிக்கலேன்னா இது குழு இல்ல. பழைய ஆளுங்க கூடிப் பெருமூச்சு விடற இடம். இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா கூட்டுப் படத்தை இதோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன்.”

கூட்டுப் படம் இல்லாத வருடத்தைப் பல்லுக்காரரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அக்கா சும்மா மிரட்டுகிற ஆளும் இல்லை.

இந்த முறை புதிதாக வந்தவர் ஒரு தையல்காரி. துணிகளை அளவுக்குப் பிடித்தும் தளர்த்தியும் கொடுக்கும் சின்னக் கடை. அவருடைய காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. பயணம் முடிந்து தலைவி கப்பலின் கடைசிக் கதவை மூடுகிறாள். தையல்காரி அதைத் தன் கடையின் ஷட்டரை இழுத்து மூடுவதாக எடுத்திருந்தார். பல்லுக்காரர் பார்த்தார். பார்த்ததும் “ஐயையோ” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். தழும்பு வலது கன்னத்தில் இருந்தது.

எப்படி நடந்திருக்கும் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. தொடரின் போஸ்டரைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்து, அதில் தழும்பு எந்தப் பக்கம் தெரிகிறதோ அதே பக்கம் கண்ணாடியில் தெரியும்படி வரைந்திருக்கிறார். கண்ணாடி இடத்தை வலமாக்கிவிட்டது. பல்லுக்காரர் தட்டச்ச ஆரம்பித்தார்: ‘அடிப்படையான விஷயத்திலேயே…’

“யாருங்க இந்தப் பொண்ணு?” தோளுக்குப் பின்னால் மனைவியின் குரல். துணி மடித்துக்கொண்டிருந்தவர் மடித்த துணியோடு நின்றுவிட்டிருந்தார். “இப்படி அழ வச்சுட்டாளே.”

“அழறதுக்கு என்ன இருக்கு? தழும்பு தப்பான பக்கம் இருக்கு.”

“தழும்பா? எந்தத் தழும்பு?”

பல்லுக்காரருக்குச் சுருக்கென்றது. எழுதியதை அனுப்பாமல் அக்காவை அழைத்தார்.

“நானும் பார்த்தேன் தம்பி.”

“திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லுங்கக்கா.”

“முடியாது. அன்னிக்கு அவ நிஜமாவே கடையை மூடினா. ஒரேயடியா. மெஷினையெல்லாம் வித்தாச்சு, சாவியையும் குடுத்தாச்சு. ‘இந்த மாசத்துல நான் உருப்படியா செஞ்சது இது ஒண்ணுதான்க்கா’ன்னு எழுதியிருக்கா.”

“அப்ப காட்சியை இடவலமாத் திருப்பிடலாம்.”

“தலைக்கு மேல கடை போர்டு இருக்கே. எழுத்தெல்லாம் கண்ணாடியில தெரியற மாதிரி திரும்பிடும்.”

“வேற என்னதான் செய்யறது?”

“மத்தவங்க எல்லாரும் வலது பக்கத்துக்கு மாத்திக்கலாம்.” பெட்ஷீட்டை மடிக்கச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். “எழுத்து எதுவும் தெரியாத காட்சியை அப்படியே திருப்பிக்கலாம். எழுத்து தெரியறவங்க திரும்ப எடுக்கணும். அவகிட்ட ஒருநாள் சொல்லிச் சிரிச்சுக்கலாம். இப்ப வேண்டாம்.”

“என்னோடதைத் திருப்ப முடியாதேக்கா!” என்றார் பல்லுக்காரர். அவர் காட்சி அவருடைய பட்டறையில் எடுத்தது. சுவர் முழுக்க அலமாரி, டப்பா டப்பாவாகப் பல் அச்சுகள், ஒவ்வொன்றிலும் மருத்துவர் பெயர் ஒட்டியிருக்கும். கேமராவைச் சக்கரம் வைத்த நாற்காலியில் கட்டி, கயிறு போட்டு இழுத்து, ஒரே ஓட்டமாக எடுத்தது. அதற்காக எத்தனையோ தடவை நடந்து முட்டி வலித்தவர் அவர்.

“தெரியும் தம்பி. உங்களைக் கட்டாயப்படுத்தல. என்னோடதுலயும் எழுத்து இருக்கு. நான் நாளைக்கு எடுத்துக்கறேன்.” அக்கா போனை வைத்துவிட்டார்.

பல்லுக்காரர் கோபித்துக்கொள்வதற்காவது அக்கா ஏதாவது சொல்லியிருக்கலாம். மறுநாள் அக்காவின் புதுக் காட்சி வந்தது. வேலை உடுப்போடு, நீராவிக்கு நடுவில், வலது கன்னத்தில் தழும்பு. அடுத்து தாடிக்காரர், தாடியை அந்தப் பக்கம் மழித்துக்கொண்டு. அப்புறம் ஒவ்வொருவராக. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. தையல்காரிக்கு மற்றவர்கள் இந்தத் தடவை முதலில் எடுத்த காட்சிகளைப் பார்க்கும் வாய்ப்பே இருந்ததில்லை. பொதுவில் வந்ததெல்லாம் வலது கன்னம்தான்.

பல்லுக்காரர் இரண்டு நாள் உர்ரென்று இருந்தார். மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டின் போது தையல்காரியின் காட்சியை மறுபடி போட்டார். இந்த முறை கன்னத்தைப் பார்ப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தார். ஷட்டர் தரையைத் தொட்ட பிறகும் அந்தப் பெண் கையை எடுக்கவில்லை. தூங்கிவிட்ட குழந்தையின் முதுகில் வைத்த மாதிரி உள்ளங்கையை அதன் மேல் வைத்திருந்தார். இத்தனை வருடத்தில் தலைவியாக யாரும் இப்படி நடித்ததில்லை என்று பல்லுக்காரருக்குத் தோன்றியது. அவரும் நடித்ததில்லை. சாப்பாடு ஆறிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போய் நாற்காலியைக் கட்டினார். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டுமே! தையல்காரியின் படத்தைப் போனில் நிறுத்திக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வளைவு, நீளம், முனையில் வரும் சின்னக் கிளை என்று ஒன்று விடாமல் அப்படியே வரைந்தார். முட்டி தேய நடந்தார். கடைசியில் எடுத்தது பழையதை விட நன்றாகவே வந்தது. அதைச் சரிபார்க்க யார் இருக்கிறார்கள்? சரிபார்க்கிறவரே அவர்தானே. நேராகப் பொதுவில் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தார்.

குழுவில் ஒரு சத்தத்தையும் காணோம். எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அக்கா கூட. பிறகு தையல்காரியிடமிருந்து வந்தது. அவர் குழுவில் இன்னொருவர் படத்துக்கு எழுதிய முதல் கருத்து அது. பல்லுக்காரருக்கு மூக்குக்கண்ணாடி கைக்கு அகப்படாததால் மனைவியே உரக்கப் படித்தார்.

“அண்ணா, அலமாரியைத் தாண்டிப் போறப்ப கோணலா இருந்த ஒரு டப்பாவை விரலால நேராக்கிட்டுப் போறீங்களே, அதை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். விட்டுட்டுப் போறவங்க அப்படித்தான் செய்வாங்க. நானும் கடையை மூடறப்ப கத்தரிக்கோலையெல்லாம் அடுக்கி வச்சுட்டுதான் வந்தேன். ஒண்ணே ஒண்ணு சொல்லட்டுமா? உங்க தழும்பு இடது கன்னத்துல வந்துருச்சு. கண்ணாடியைப் பார்த்து வரைஞ்சிருப்பீங்க. யாருக்கும் நடக்கறதுதான். திரும்ப எடுக்க முடியலேன்னா தயங்காம சொல்லுங்க. நாங்க எல்லாரும் இடது பக்கத்துக்கு மாத்திக்கறோம். உங்க காட்சி வீணாகக் கூடாது.”

மனைவி படிப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். பல்லுக்காரர் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மை விரலில் ஒட்டியது. இடது கன்னமேதான். அவருக்குச் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணிலும் தண்ணீர் வந்தது. எது முதலில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

போனை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். “நல்லாப் பார்த்துச் சொன்னீங்கம்மா. தப்பு என்னோடதுதான். நீங்க யாரும் மாத்த வேண்டாம், நான் திரும்ப எடுத்துடறேன்.”

பிறகு போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மனைவி முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இந்தா, நீயே வரைஞ்சு விடு,” என்று வலது கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.