இடது பக்கத்துத் தபேலா

தபேலா காணாமல் போயிருந்தது. ஆஃப்ரீன் பாட்டை நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஓடவிட்டாள். வலது காதில் சிதார், கம்பியில் விரல் உரசுவதுகூடத் தெரியும்படி, எப்போதும்போல இருந்தது. இடது பக்கம் மட்டும் மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். புதுக் கம்பெனி ஒன்று பார்த்துச் சொல்லும்படி அனுப்பியிருந்த விலை குறைந்த இயர்போன் அது. ரப்பர் நுனியை மாற்றிப் பார்த்தாள். வேறு போனில் செருகிப் பார்த்தாள். காலையில் குளித்தபோது காதில் தண்ணீர் போயிருந்தது போலொரு அடைப்பு இருந்ததால் தலையைச் சாய்த்துத் தட்டியும் பார்த்தாள். தலையணைச் சத்தம் மாறவில்லை.

திருவல்லிக்கேணியில் இரண்டாவது மாடி வீடு. அடையாறில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பில் சரிபார்ப்பது அவளுடைய வேலை. மிச்ச நேரத்தில் ஆயிரம் ரூபாய்க்குக் குறைவான இயர்போன்களைக் கேட்டு, யூடியூபில் அபிப்பிராயம் சொல்வாள். முகம் காட்டமாட்டாள். மேஜைமேல் ஒரு கை, கையில் ஒரு இயர்போன், அவ்வளவுதான் தெரியும். குரல் மட்டும் நிதானமாகப் பேசும். மேன்ஷன் பையன்கள், சாப்பாடு டெலிவரி செய்பவர்கள், துணிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் போதுமென்று ஏறும் பெண்கள் அதைக் கேட்பார்கள். கூட்டத்துக்கு நடுவில் தங்களுக்கென்று ஒரு சின்ன அறை வேண்டும் என்பதற்காக அவர்கள் வாங்கும் பொருள் அது என்று அவள் நினைத்தாள். அந்த அறையின் சுவர் ஒழுகக் கூடாது. அதனால் ஒவ்வொன்றையும் அதே சிதார், அதே தபேலாவை வைத்துத்தான் சோதிப்பாள். ரிக்கார்டு செய்தபோது சிதாரை வலது பக்கமும் தபேலாவை இடது பக்கமும் உட்கார்த்தியிருந்தார்கள்.

"லெஃப்ட் சைடு சுத்தமா இல்ல. இத வாங்காதீங்க" என்று பேசிப் பதிவு செய்து முடித்தபோது அமீன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். அவள் கணவன். ஹைரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் வீட்டுக்குள் வந்ததும் அவள் காதைத்தான் முதலில் பார்ப்பான். இயர்போன் இருந்தால் எதுவும் பேசாமல் காத்திருப்பான். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேஜைமேல் இருந்ததை எடுத்துத் தன் காதில் வைத்தான்.

"ரெண்டு பக்கமும் நல்லாத்தானே கீது."

"உங்களுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்."

அவன் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கடையில் வருகிறவர்களிடம் கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, இது தெளிவா என்று நாளெல்லாம் கேட்கிறவன். நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"கண்ண மூடு."

"நான் பாத்துட்டேங்க."

"மூடேன் ஒரு தபா."

மூடினாள். அவன் விரல்கள் இரண்டு காதிலும் இயர்போனைச் செருகின. சிதார் வந்தது. தலையணை வந்தது. "லெஃப்ட் கம்மி" என்றாள். அவன் இரண்டையும் எடுத்தான். மறுபடி செருகினான்.

தபேலா வந்துவிட்டது. வலது காதுக்குள் தோல் அதிர, உள்ளங்கை அழுந்தி விலக, அவ்வளவு அருகில். இடது பக்கம் சிதார் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது. அவன் பக்கத்தை மாற்றி வைத்திருக்கிறான் என்பது அவளுக்கு உடனே புரிந்தது. ரப்பரை மாற்றியவளுக்கு, போனை மாற்றியவளுக்கு, இந்த ஒன்று மட்டும் தோன்றவில்லை. கண்ணைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். கெட்டது இயர்போன் இல்லை, தன் இடது காது; கண்ணைத் திறந்தால் அது நிஜமாகிவிடும் போலிருந்தது. பாட்டு முடிகிறவரைக்கும் அமீன் இயர்போனை எடுக்கவில்லை.

அன்றே ராயப்பேட்டையில் ஒரு காது டாக்டரைப் பார்த்தார்கள். அவர் இசைக்கவைக் கம்பி ஒன்றைத் தட்டி அவளுடைய நெற்றி நடுவில் வைத்தார். சத்தம் நெற்றியில் நிற்காமல் வலது பக்கம் சரிந்து ஓடியது. பிறகு ஒரு சிறிய அறைக்குள் உட்காரவைத்து, பெரிய ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். பழக்கதோஷத்தில் அந்த ஹெட்போனை எடைபோட்டாள். மேல்சுருதி கூர்மை, காதில் படும் மெத்தை பரவாயில்லை. இடது காதின் முறை வந்தபோது வெறும் மௌனம்தான் வந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக்கு வெளியே சோதனை செய்யும் பெண் எதையோ திருகுவது தெரிந்தது. எதுவும் கேட்காமலே ஆஃப்ரீன் இரண்டு முறை பட்டனை அழுத்தினாள். அழுத்தியதும் வெட்கமாக இருந்தது.

"உள்காது நரம்பு. சில பேருக்கு இப்படி திடீர்னு ஆவுது, காரணம் தெரியறதில்ல" என்றார் டாக்டர். "மருந்து தரேன். சில பேருக்குத் திரும்பி வரும். சில பேருக்குக் கொஞ்சம் வரும்."

மூன்றாவது வகையை அவர் சொல்லவில்லை.

அதற்கப்புறம் வந்த நாட்கள் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எங்கேயோ நடந்தன. இடது காதுக்குள் ஒரு மெல்லிய இரைச்சல், கரைக்கு வராத அலை மாதிரி, ஓயாமல் இருந்தது. சத்தங்கள் தங்கள் இடத்தை விட்டுவிட்டன. பள்ளிவாசல் பாங்கும் கோயில் மணியும் ஒரே ஜன்னல் வழியாக வந்தன. தெருவில் ஆட்டோ ஹாரன் அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவதென்று தெரியாமல் நின்றுவிடுவாள். குக்கர் விசிலைத் தேடி வாசலுக்குப் போனாள். பயமாக இருந்தது, ஆனால் பயம் மட்டும் இல்லை. நிறைய முறை, மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது, ஊர் முழுவதும் திசையே இல்லாமல் தன்மேல் தூறுவது போலிருக்கும். துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்பாள்.

அமீன் சாப்பிட உட்காரும்போது அவளுக்கு வலது பக்கம் உட்கார ஆரம்பித்தான். தூங்கும்போதும் இடம் மாறிக்கொண்டான்.

அந்த வீடியோவை அவள் வெளியிடவில்லை. கம்பெனிக்காரர்கள் மூன்று தடவை மெசேஜ் அனுப்பிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இயர்போனை டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்பத் தயாரானபோது அமீன் சொன்னான்:

"நான் கேட்டுச் சொல்றேனே."

"என்னத்தக் கேட்டு?"

"லெஃப்ட் சைட."

ஒயரைப் பங்கிட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்கள். வலது அவளுக்கு, இடது அவனுக்கு. ஓடவிட்டாள்.

"இன்னா கேக்குது?" என்றாள், அவனைப் போலவே.

"தபேலா."

"அது தெரியும். எப்படி இருக்குது?"

அவன் இயர்போனை விரலால் அழுத்திக்கொண்டு கேட்டான். "கிட்ட கீது. ஆனா ஈரமா கீது."

"ஈரம்னா?"

"மழ பெஞ்சப்புறம் நம்ம மாடில வெறுங்கால வெச்சா ஒரு சத்தம் வருமே. டப்புனு நிக்காது. கொஞ்சம் ஒட்டிக்கினு போவும்."

அவளுக்குப் புரிந்தது. அடிச்சத்தம் இறுக்கமில்லாமல் தளர்ந்து பரவுகிறது. அவள் பத்து நிமிஷம் பேசிச் சொல்லியிருக்கக்கூடியது. வேறொரு பாட்டில் வயலினைப் புல்லாங்குழல் என்றான், ஜால்ரா வந்ததையே கவனிக்கவில்லை. இருந்தாலும் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்த மனிதன் உலகத்தை எப்படிக் கேட்கிறான் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் விசாரித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

புதிதாகப் பதிவு செய்தாள். "என் இடது காது இப்போ சரியில்லங்க. இதுல லெஃப்ட் சைடு கேட்டது எங்க வீட்டுக்காரர். அவருக்கு இதெல்லாம் பழக்கமில்ல. அதையும் மனசுல வெச்சுக்கினு முடிவு பண்ணுங்க." சொல்லும்போது குரல் உடையவில்லை. வெளியிட்டதும் கீழே வரும் பதில்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில்லாதவள் இயர்போனைப் பற்றிப் பேசுகிறாள் என்று ஒருவன் எழுதினான். அதற்கு நாலு பேர் சிரிப்புப் பொம்மை வேறு போட்டிருந்தார்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமைக்கப் போனாள். சாயங்காலம் திரும்ப எடுத்தபோது இன்னொன்று வந்திருந்தது. எழுதியவர் பெயர் முத்துலட்சுமி.

"மேடம், நான் கே.கே. நகர். தி. நகர்ல ஒரு பொடவக் கடைல இருக்கேன். எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஒரு காதுதான். நீங்க வலது பக்கம் சிதார், இடது பக்கம் தபேலானு சொல்றப்ப ரெண்டும் இருக்குதுனு நம்பிக்குவேன். நீங்க சொல்லித்தான் எனக்கு அந்தப் பக்கம் தெரியும். நிறுத்திடாதீங்க. ஒத்தக் காதுக்காரங்க எத வாங்கலாம்னு ஒரு நாள் சொல்லுங்க."

ஆஃப்ரீன் அதை அமீனுக்குப் படித்துக்காட்ட நினைத்தாள். இரண்டு வரி படித்ததும் போனையே அவனிடம் கொடுத்தாள். அவன் படித்துவிட்டு, "இவங்க இத்தினி நாளா கேட்டுக்கினு இருந்தாங்களா" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் வேலையை ஒதுக்கிவிட்டு போனின் அமைப்புகளுக்குள் தேடினாள். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே காதுக்கு அனுப்பும் வசதி அதில் இருந்தது. எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறாள், நின்றதில்லை. அழுத்தினாள். சிதாரும் தபேலாவும் நெரிசலான பஸ்ஸில் ஒரே சீட்டைப் பங்கிட்டவர்களைப் போல வலது காதுக்குள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தன. ஒன்றை ஒன்று மறைத்தது. பிறகு மெதுவாக, சிதார் தயங்கும் இடங்களில் தபேலா நுழைந்துகொள்வது கேட்டது. வீட்டிலிருந்த பழைய இயர்போன்களை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாக மறுபடி கேட்க ஆரம்பித்தாள். நல்லது என்று சொன்ன சிலவற்றில் இந்த நெரிசலில் எதுவுமே பிரியவில்லை. மோசம் என்று ஒதுக்கிய ஒன்றில் இருவரும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள்.

மருந்து முடிந்தது. மறுபடி சோதிக்க அடையாறில் வேறொரு டாக்டரிடம் போகச் சொல்லியிருந்தார்கள். அன்று காலை இடது காதில் சீப்பு உரசியது லேசாகக் கேட்டது போலிருந்தது. கேட்டதா, கேட்க ஆசைப்பட்டதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அமீனிடம் சொல்லவில்லை.

பறக்கும் ரயில் நிலையத்தில் அவன் டிக்கெட் வாங்க வரிசையில் நின்றான். அவள் முன்னதாகப் படியேறி பிளாட்பாரத்துக்கு வந்தாள். அந்த நேரத்தில் கூட்டமில்லை. உயரமான கான்கிரீட் கூரைக்குக் கீழே வெயில் நீளநீளமாக விழுந்து கிடந்தது. கீழே கால்வாய் அசையாமல் இருந்தது.

"ஆஃப்ரீன்."

அவன் குரல்தான். எங்கிருந்து என்று தெரியவில்லை. கூரையிலிருந்து வந்தது, தண்டவாளத்திலிருந்து வந்தது, தூண்களுக்கு உள்ளிருந்து வந்தது. முன்பென்றால் பதறித் தேடியிருப்பாள். அவள் நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றத் தொடங்கினாள், குழந்தைகள் மழையில் சுற்றுவது போல, துப்பட்டா காற்றில் ஒரு பக்கமாக எழ. மறுபடி ஒரு முறை அவன் கூப்பிட்டான். உத்திரத்திலிருந்து புறாக்கள் மொத்தமாக எழும்பி, வெயிலுக்கும் நிழலுக்கும் குறுக்கே, எல்லாப் பக்கமும் பறந்தன.