கொய்யாக்காரியிடம் படித்த ஜப்பான் பாஷை

எங்கள் மடத்தில் நரகத்துக்கு இன்னொரு பெயர் இருந்தது. குஜிலியம்பாறை. பிரசங்கத்தில் வருகிற நரகம் எங்கேயோ தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது. குஜிலியம்பாறைக்குத் திண்டுக்கல்லிலிருந்தே பஸ் இருந்தது. மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் புழுதி. கூரை வேய்ந்த ஒரு கோவில், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நாலு கிழவிகள், அவர்கள் பின்னாலேயே வந்து நிற்கும் ஆடுகள். குருப்பட்டம் வாங்குகிறவர்களில் யாரைப் பெரிய சாமியாருக்குப் பிடிக்கவில்லையோ அவருக்கு அந்த ஊர்தான் என்று எங்கள் சமையல்கட்டில் பேசிக்கொள்வார்கள்.

ஐம்பத்தேழாம் வருஷம் பெரிய சாமியார் எங்களை வரிசையாக நிற்க வைத்து, சபைக்கு ஜப்பானில் ஊழியம் செய்ய ஓர் ஆள் வேண்டும், விருப்பமுள்ளவர் யார் என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். ஆன்மாக்களின் மேல் தாகம் என்று காரணம் சொன்னேன். உள்ளே இருந்த காரணம் குஜிலியம்பாறை.

"மதலைமுத்து, நீர் உண்மையாகவே ஆசிக்கிறீரா?" என்றார். அவர் பிரான்சு தேசத்துக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர், ஆகவே நாய்க்குட்டியைக்கூட நீர் என்றுதான் கூப்பிடுவார். "ஓக்குரா என்னும் ஜப்பானியக் குருவானவர் உரோமையிலிருந்து திரும்பும் வழியில் இங்கே வருவார். உம்மைச் சோதித்து அறிவார். அவர் சரி என்றால் நீர் போவீர்."

சரி இல்லை என்றால் எங்கே போவேன் என்று நான் கேட்கவில்லை.

தயாரிப்பு அன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே ஆரம்பித்தது. எனக்கு மட்டும் மிளகாய் நின்றது. சோற்றை இரண்டு குச்சியால் எடுத்துச் சாப்பிட வேண்டும் என்று உத்தரவு. குச்சிக்கு எங்கே போவது? சமையல்காரர் மூக்கையா வாரியலிலிருந்து இரண்டு ஈர்க்கை உருவிக் கழுவிக் கொடுத்தார். அவை வளைந்தன. ரசஞ்சோறு அதில் நிற்குமா? நான் பத்துப் பருக்கை தின்பதற்குள் மற்றவர்கள் கை கழுவி ஜெபமும் சொல்லி முடித்திருந்தார்கள். மூக்கையா என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"சப்பான்காரன் தெனமும் இப்பிடித்தேன் திங்கிறானா? பெறகு அவன் ஊர் ஊராச் சண்டைக்கு வராம என்னப்பா செய்வான்!"

பாஷைதான் பெரிய பாடு. மடத்தில் ஒரே ஒரு ஜப்பானிய மொழிப் புத்தகம் இருந்தது. அது பிரெஞ்சுக்காரர்களுக்காக எழுதியது. ஜப்பானியம் புரியப் பிரெஞ்சு தெரிய வேண்டும், பிரெஞ்சு படிக்க இங்கிலீஷ் தெரிய வேண்டும், எனக்கு இங்கிலீஷும் தகராறு. முதல் பாடத்திலேயே ஒரு சீமான் இன்னொரு சீமானின் தோட்டத்துப் பூக்களைப் புகழ்கிறான் என்று பெரிய சாமியார் விளக்கினார். சரி, மோட்சத்துக்கு இதுவும் ஒரு வழி போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் வாசல் காவல் என் முறை. கம்பிக்கதவுக்கு வெளியே புளியமரத்தடியில் கருப்பம்மாள் கொய்யாக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். ஆயக்குடியிலிருந்து வரும் பழத்தை வாங்கித் தெருவில் விற்கிறவள். ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவள் வாய்க்குப் பயந்து போலீஸ்காரர்கள்கூடக் காசு கொடுத்துத்தான் பழம் எடுப்பார்கள். நான் புத்தகத்தை விரித்து முனகிக்கொண்டிருந்தேன்.

"என்னப்பு, வயித்து வலியா?"

"ஜப்பான் பாஷை படிக்கிறேன்."

கருப்பம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து என்னமோ கத்தினாள். நான் இரண்டடி பின்னால் போனேன். புத்தகம் கையிலிருந்து விழுந்தது. மரத்தில் இருந்த காக்கைகூடப் பறந்துவிட்டது.

"இதாம்ப்பு சப்பான் பாசை," என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள். "நீ படிச்சது கோழி கேறுறது."

மலாயாவில் அவள் புருஷனோடு ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சண்டைக் காலத்தில் ஜப்பான் பட்டாளம் வந்து, தோட்டத்து ஆட்களை லாரியில் ஏற்றிச் சயாமில் ரயில் ரோடு போடக் கொண்டுபோனது. மூன்றே மாசத்து வேலை என்று சொன்னார்களாம். அங்கே கூலிகள் அடைபட்ட காட்டில்தான் கருப்பம்மாள் பாஷை படித்தாள். பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் கையில் பிரம்பு இருந்ததாம், ஆகவே பாடம் மறக்கவே இல்லை என்றாள்.

"எனக்குச் சொல்லிக் குடுங்களேன்," என்றேன்.

"குடுக்கலாம். எனக்கு என்ன குடுப்ப?"

"ஜெபமாலை சொல்றேன்."

"அத நீயே வச்சுக்க." கூடையிலிருந்த பழங்களைச் சரி செய்தபடியே பேசினாள். "எம் புருசன் ஒச்சப்பனுக்கு வாந்திபேதி கண்டுச்சு. நோயாளிய எல்லாம் தனிக் கொட்டகையில போட்டானுங்க. கூட இருந்து பாக்க விடலை, மண்ணுச் சொமக்க வெரட்டுனானுங்க. பொழுது சாய வந்து பாத்தா கொட்டகை இல்லை, சாம்பலுதேன் இருக்கு. நோவு பரவும்னு தீ வச்சுட்டானுங்க. அப்ப ஒச்சப்பனுக்கு உசுரு இருந்துச்சா, இல்லையா? அங்க ஒருத்தனும் எனக்குச் சொல்லலை. நீ அந்த ஊருக்குப் போறீல்ல, ஒரு சப்பான்காரன நிறுத்தி அத மட்டும் கேளு. கேக்குறேன்னு சொல்லு, அம்புட்டுப் பாசையும் சொல்லித் தாரேன்."

கேட்கிறேன் என்று சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியது பாஷை. ஜப்பானில் போய் யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்றெல்லாம் யோசிக்கவில்லை.

பாடம் கம்பிக்கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்தது. பெண்கள் மடத்துக்குள் வரக் கூடாது என்பது சட்டம். வெளியே இருந்து கையை நீட்டி அடிப்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. முதலில் எண்ணிக்கை. இச்சி, நீ, சான். சத்தம் குறைந்தால் மண்டையில் ஒரு குட்டு. அப்புறம் குனிவது. கேய்ரே என்றால் பட்டாளத்தானுக்கு இடுப்பு வரை குனிய வேண்டும். நான் கோவிலில் பீடத்துக்குக் குனிகிற மாதிரி குனிந்தேன்.

"இது ஒங்க சாமிக்குப் போதும். அவனுக்குப் பத்தாது," என்று கம்பி வழியாகக் கையை விட்டு என் பிடரியை அமுக்கினாள். "மொத்தோ! இன்னம்! மொத்தோன்னா இன்னம்னு அர்த்தம்."

ஹயாகு என்றால் சீக்கிரம். மிசு என்றால் தண்ணீர். வேலை, மண், ரயில், தீ, நோய், செத்தவன், சோறு, இல்லை. யாசுமே என்றால் உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம். "ஆனா நம்பி உக்காந்துறாத. அடுத்த வார்த்தை ஹயாகுதேன்," என்றாள். எனக்கு நாக்கு நன்றாகப் புரண்டது. பிரெஞ்சுச் சீமானின் பூந்தோட்டத்தைப் பரணில் போட்டுவிட்டேன்.

சாப்பாட்டு அறையில் ஒரு நாள் பெரிய சாமியாரின் முன் விறைப்பாக நின்று, இடுப்பு ஒடியக் குனிந்து, நூறு வரை கத்தி எண்ணினேன். அவர் கண்ணில் நீர் தளும்பியது. "பரிசுத்த ஆவியின் வரம்," என்றார். மூக்கையா சமையல்கட்டு வாசலில் நின்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அது பக்தியா பயமா என்று நான் கேட்கவில்லை.

சித்திரை வெயிலில் ஓக்குரா சாமியார் ரயிலில் வந்து இறங்கினார். முப்பது வயதுகூட இருக்காது. ஒல்லியான மனிதர். எங்கள் ஊர் வெக்கையில் முகம் அவிந்துபோய் இருந்தது. அவருக்காகப் புதிதாகச் செதுக்கிய மூங்கில் குச்சிகளை இலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். அவர் குச்சிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, எங்களைப் பார்த்துச் சிரித்து, ரசஞ்சோற்றைக் கையால் அள்ளி உறிஞ்சிச் சாப்பிட்டார். மிளகாய் போட்ட ரசம். மாசக்கணக்கில் ஈர்க்கோடு மல்லுக்கட்டிய எனக்கு வயிறு எரிந்தது.

சாப்பாடு முடிந்து முற்றத்தில் வேப்பமர நிழலில் சோதனை. நான் முன்னால் போய் விறைத்து நின்று, குனிந்து, என் ஜப்பானியத்தை முழங்கினேன். ஓக்குரா சாமியாரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இது பட்டாளத்துப் பேச்சு," என்று இங்கிலீஷில் மெல்லச் சொன்னார். "என் பள்ளிக்கூடத்தில் சண்டைக் காலத்தில் இப்படித்தான் எங்களைக் கத்த வைத்தார்கள். உமக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

"புத்தகம்," என்றேன்.

அதற்குள் வாசல் கதவு சத்தம் போட்டது. கருப்பம்மாள். ரயிலடியிலிருந்து வந்த குதிரை வண்டியில் அவரைப் பார்த்திருக்கிறாள். கூடையை மரத்தடியிலேயே போட்டுவிட்டு, சட்டத்தை மிதித்துக்கொண்டு, நேரே முற்றத்துக்கு வந்து நின்றாள். பெரிய சாமியார், "அம்மா, நீர் இங்கே..." என்று ஆரம்பித்தார். அவள் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை.

ஓக்குரா சாமியாரைப் பார்த்து வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள். எனக்குப் பிடரியில் அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்தவளுக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

"உள்ளுக்குள்ள அடுக்கி வச்சிருந்தேன், எல்லாம் போச்சுப்பு," என்று என் பக்கம் திரும்பினாள். "தமிழ்ல கேக்குறேன். நீ அவனுக்குச் சொல்லு."

அவள் கேட்கப் போகிற கேள்வியை ஜப்பானில் கேட்கிறேன் என்றுதான் ஒத்துக்கொண்டிருந்தேன். என்னை ஜப்பானுக்கு அனுப்ப வேண்டிய ஆளிடம், பெரிய சாமியாரும் மூக்கையாவும் பார்த்துக்கொண்டிருக்க, திண்டுக்கல்லில் கேட்க நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த அம்மாள் உங்கள் நாட்டைப் புகழ்கிறாள், ஆசீர்வாதம் கேட்கிறாள் என்று சொல்லிவிடலாம். அவளுக்குத் தெரியப் போவதில்லை. என் ஜப்பானிய மொழி இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் புகழ்வதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. ஆசீர்வாதத்துக்கும் இல்லை. சுற்றி வளைக்க, பூசி மெழுக, ஒரு வார்த்தைகூட அவள் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. அவள் ஒச்சப்பன் கதையை ஆரம்பித்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் என்னிடம் வார்த்தை இருந்தது, வேறு எதற்கும் இல்லை.

ரயில் என்றேன். வேலை என்றேன். சோறு இல்லை, தண்ணீர் இல்லை. நோய். சீக்கிரம், சீக்கிரம், மண். பிறகு தீ என்றேன். ஓக்குரா சாமியாரின் முகத்தில் ரத்தம் இல்லை. கருப்பம்மாள் கேள்விக்கு வந்தாள். நான் அதை அப்படியே வைத்தேன். தீ. செத்தவனா? செத்தவன் இல்லையா?

கத்திக் கத்தியே பழகியதால் அதையும் கத்தித்தான் சொன்னேன். என் ஜப்பான் அங்கேயே முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. குஜிலியம்பாறைப் புழுதி இப்போதே மூக்கில் ஏறிவிட்டது. ஆச்சரியம், அதைப் பற்றி எனக்குத் துக்கம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. இத்தனை மாசம் இந்த வார்த்தைகளை வாய்ப்பாடு மாதிரி கத்திக்கொண்டிருந்தேன், அவை யாருடையவை என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

ஓக்குரா சாமியார் அவளைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அது எனக்குப் புரியவில்லை. கருப்பம்மாளுக்குப் புரிந்தது.

"தெரியாதுங்கிறான்," என்றாள். "நெசந்தேன். இவனுக்கு எப்பிடித் தெரியும், அப்ப பள்ளிக்கூடத்துப் பய."

அவர் அவள் முன்னால் குனிந்தார். இடுப்பு வரை, கைகள் தொடையில் ஒட்ட, கருப்பம்மாள் எனக்குச் சொல்லிக் கொடுத்த அதே குனிவு. அவள் கிட்டே போய் அந்த முதுகைப் பக்கவாட்டில் நின்று பார்த்தாள். என் முதுகை எத்தனை தடவை அப்படிப் பார்த்திருக்கிறாள்!

"இன்னம் குனியச் சொல்லுப்பு."

பெரிய சாமியார் "மதலைமுத்து!" என்றார்.

"மொத்தோ," என்றேன்.

ஓக்குரா சாமியார் இன்னும் குனிந்தார். தலை முழங்காலுக்குக் கீழே போயிற்று. மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டி மண்ணில் விழுந்தது. கருப்பம்மாள் அசையாமல் நின்று பார்த்தாள். முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"போதும்னு சொல்லு," என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். தேடினேன். நிறுத்து இருந்தது, உட்கார் இருந்தது, இல்லை இருந்தது. போதும் இல்லை.

"நீங்க எனக்கு அதச் சொல்லித் தரலையே," என்றேன்.

கருப்பம்மாள் யோசித்தாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, அந்தக் காடு முழுக்கத் தேடுகிறவள் மாதிரி யோசித்தாள்.

"அந்த வார்த்தைய அங்க யாரும் சொல்லி நான் கேக்கலப்பு," என்றாள்.

அவர் குனிந்தபடியே இருந்தார். அவள் அவர் தோளில் கையை வைத்தாள்.

"போதும் சாமி, எந்திரி," என்று தமிழிலேயே சொன்னாள்.